மதிப்பீட்டுத் தாளின் கீழ்ப்பாதி

2019 கோடையில் மேற்கு மாம்பலத்தில் அம்மா குடியிருந்த அடுக்ககத்தின் ஆழ்குழாய்க் கிணறு வற்றிப்போனது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வெடித்துக் கிடந்த படங்கள் நாளிதழ்களில் வந்துகொண்டே இருந்தன. தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டு எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். எழுபத்து நான்கு வயதில் அம்மா இரண்டாவது மாடிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள் என்று எதிர்வீட்டுப் பெண் தொலைபேசியில் சொன்ன அன்றே, அவளைக் கோயம்புத்தூருக்கு அழைத்துவந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அப்பா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வடவள்ளியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் காலியாக இருந்தது. சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதி. அம்மா அதிகம் மறுக்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்பது மட்டும் அவள் போட்ட நிபந்தனை.

ஆடியில் குடி போகக் கூடாது என்று நினைப்பவர்கள் நிறைய. அதனால் ஆனிக் கடைசியில் வீடு மாற்றித் தரும் நிறுவனங்களில் லாரி கிடைப்பதே கடினம். மாதக் கடைசி, அதிலும் சனி ஞாயிறு என்றால் வாடகை இன்னும் ஏறும். சில நிறுவனங்களிடம் விலை கேட்டேன். ஒன்று சொன்ன தொகை மற்றவை சொன்னதில் பாதிகூட இல்லை. அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு நேர்ந்தது நன்றாக நினைவில் இருந்தது. குறைந்த விலை பேசிச் சாமானை ஏற்றிக்கொண்டு போனவர்கள், பாதி வழியில் லாரியை நிறுத்திவிட்டு, மாடிப்படிக்குத் தனி, பேக்கிங்குக்குத் தனி, சுங்கத்துக்குத் தனி என்று இரண்டு மடங்கு கேட்டார்கள். கொடுக்கும்வரை சாமான் எந்த ஊரில் நிற்கிறது என்றே சொல்லவில்லை. வாடகையில் எது அடக்கம், எது தனி என்பதை ஏற்றுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடு என்று அவர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நாங்கள் பேசிய நிறுவனத்திலிருந்து சாமான்களைப் பார்வையிட ஓர் இளைஞர் வந்தார். அறை அறையாகப் போய், அலமாரிகளைத் திறந்து பார்த்து, பரண்மேல் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்து எழுதிக்கொண்டார். பரணைப் பார்க்காமல் போகிறவரின் மதிப்பீட்டை நம்பக் கூடாது. நம் வீடுகளில் பாதிச் சாமான் அங்கேதான் இருக்கிறது. பிறகு தெருவுக்கு இறங்கி அதன் அகலத்தைக் காலடியால் அளந்தார். கன்டெய்னர் லாரி உள்ளே வராது, அசோக் நகர்ப் பக்கம் அகலமான சாலையில்தான் நிற்கும், அதுவரை குட்டி யானை எனப்படும் சிறிய சரக்கு வண்டியில் நடை அடிக்க வேண்டும் என்றார்.

மறுநாள் வந்த தாள் இரண்டு பகுதியாக இருந்தது. மேல்பாதியில் லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, சுங்கம், ஜி.எஸ்.டி. கீழ்ப்பாதிக்கு ‘விருப்பச் சேவைகள்’ என்று தலைப்பு. முழு பேக்கிங். கட்டில், ஊஞ்சல் கழற்றி மாட்டுதல். ஏ.சி. கழற்றி மாட்டுதல். வாஷிங் மெஷின். உடையக்கூடிய பொருளுக்கு மரப்பெட்டி. குட்டி யானை நடை. லிஃப்ட் இல்லாத மாடி. டிரான்சிட் இன்ஷூரன்ஸ். ஸ்கூட்டர். கிடங்கு. பிரித்து எடுத்து வைத்தல். குப்பை அகற்றுதல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலை, ஒரு கட்டம். வேண்டியதை டிக் அடித்து அனுப்பினால் போதும்.

அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தவள், ‘பிரித்து எடுத்து வைத்தல்’ வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அதுக்குக்கூட ரேட் இருக்கா?”

“இருக்கும்மா.”

“முதல்லேருந்து இன்னொரு தடவை படி.”

மறுபடி படித்தேன். தலையாட்டாமல், குறுக்கே பேசாமல், கடைசி வரி வரை கேட்டாள்.

அந்தத் தாளில் இருந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை அம்மா ஒருத்தியே செய்து நான் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. குந்தா, மேட்டூர், தூத்துக்குடி, எண்ணூர் என்று மின்நிலையம் இருந்த ஊரெல்லாம் எங்கள் ஊர். மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் அப்பா பொறுப்பை ஒப்படைப்பதிலும் கணக்கு முடிப்பதிலும் மூழ்கிவிடுவார். வாரியம் லாரிச் செலவைக் கொடுக்கும். மற்றதெல்லாம் வீட்டுக்குள் நடக்க வேண்டிய வேலை. குந்தாவிலிருந்து கிளம்பும்போது குன்னூர்ப் பக்கமிருந்து பழைய தேயிலைப் பெட்டிகள் வாங்கி வந்தார்கள். ஒட்டுப்பலகையில் செய்து விளிம்பெல்லாம் தகரம் அடித்த பெட்டிகள். உட்புறம் பளபளவென்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். அம்மா அடியில் வைக்கோலைப் பரப்பி, கண்ணாடிச் சாமான்களைப் பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி, தம்ளருக்குள் தம்ளர் சொருகி, இடுக்கில் எல்லாம் எங்கள் உள்ளாடைகளைத் திணிப்பாள். தகர விளிம்பு பட்டு அவள் முன்கையில் கீறல் விழுந்துகொண்டே இருக்கும். மெத்தைகளைச் சாக்கில் போட்டுக் கோணி ஊசியால் தைப்பாள். கடைசி இரவு வரை சமைக்க வேண்டும், மறுநாள் வழிக்குப் புளிசாதம் கட்ட வேண்டும் என்பதால் அடுப்படி கடைசியாகத்தான் மூட்டையாகும். புது ஊரில் போய் இறங்கியதும் அதுதான் முதலில் பிரிந்தாக வேண்டும். இறங்கிய அன்று இரவே பம்ப் ஸ்டவ்வைத் தேடி எடுத்து ரசம் வைத்து அப்பளம் பொரிப்பாள், சாமான் இறக்க உதவிக்கு வந்த அலுவலக ஆட்களுக்கும் சேர்த்து. பிறகு வாரக்கணக்கில் பெட்டி பெட்டியாகப் பிரித்து அடுக்குவாள். ‘வீடு மாத்தினோம்’ என்றுதான் அப்பா எல்லோரிடமும் சொல்வார். தகப்பனாகவும் ஊழியராகவும் நல்ல மனிதர். இருந்தாலும் அந்த வாக்கியத்துக்குள் அம்மாவின் வேலை முழுக்க மறைந்து கிடந்தது.

இப்போது அதே வேலைகள் ஒரு தாளில் வரிவரியாக, விலையோடு நின்றன. உறவினர்கள் சிலர், “லாரி மட்டும் பேசு போதும், மத்ததை நாமளே பார்த்துக்கலாம்” என்றார்கள். அந்த ‘நாமளே’யில் அம்மாவும் நானும் தவிர வேறு யாரும் இருக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். கூடுதல் சேவை என்றால் வசதி உள்ளவர்களின் சொகுசு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. லாரி ஓடுவது மட்டும் வீடு மாறுவது ஆகாது. கட்டுவதும் கழற்றுவதும் மாட்டுவதும் பிரிப்பதும்தான் அந்த வேலை. அதை வீட்டுப் பெண்கள் கூலியில்லாமல் செய்துவந்ததால்தான் லாரி வாடகை மட்டும் செலவாகத் தெரிந்தது. கிடங்கைத் தவிர ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தேன். கீழ்ப்பாதியின் கூட்டுத்தொகை மேல்பாதியைத் தொட்டுவிட்டது. மனதாரக் கொடுத்தேன்.

கிடங்கை விட்டதற்குக் காரணம், அது எங்களுக்குத் தேவைப்படவில்லை என்பதுதான். பழைய வீட்டைக் காலி செய்யும் நாளும் புது வீடு கிடைக்கும் நாளும் ஒத்துப்போகாதவர்களுக்கு அது பெரிய உதவி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஒரு குடும்பம், சுவர் காய்ந்து மறுபடி வெள்ளையடிக்கும்வரை மிஞ்சிய சாமானைக் கிடங்கில்தான் வைத்திருந்தது. அவர்கள் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: தரையிலிருந்து உயர்த்திய மரத்தட்டின் மேல்தான் அடுக்க வேண்டும். சென்னையில் தரைத்தளக் கிடங்கு என்றால் நானும் அதைக் கேட்டிருப்பேன்.

குறித்த நாள் காலையில் மேஸ்திரி ஆட்களோடு வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். கூட வந்தவர்களில் இருவர் ஒடிசா இளைஞர்கள். உள்ளே நுழைந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் முதலில் அம்மாவிடம் கேட்டார்: “அம்மா, சாமி படம், விளக்கு, உப்பு, மஞ்சள் எல்லாம் தனியா எடுத்து வச்சுட்டீங்களா? அது உங்க கையோட போகட்டும். ராகு காலம் முடிஞ்சு மொத சாமான் எறக்கறோம்.” இது தாளில் எந்த வரியிலும் இல்லாத சேவை. அம்மாவின் முகம் அப்போதுதான் தளர்ந்தது.

அவர்கள் கட்டிய விதத்தை நான் கவனமாகப் பார்த்தேன். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் தாளில் சுற்றிப் பக்கவாட்டில் நிறுத்தினார்கள். படுத்த தட்டின் மேல் ஏறும் பளு நடுவில் இறங்கி உடைத்துவிடும், நிறுத்திய தட்டு விளிம்பில் தாங்கும் என்றார் மேஸ்திரி. புத்தகங்களுக்குச் சின்னப் பெட்டி, தலையணைக்கும் போர்வைக்கும் பெரிய பெட்டி. மாற்றிச் செய்தால் பெட்டியைத் தூக்கவே முடியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் எண், அது போக வேண்டிய அறையின் பெயர், அதே எண் கையேட்டிலும். படங்களின் கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்குமாகக் காகித நாடா ஒட்டினார்கள். உடைந்தாலும் சில்லு சிதறாமல் அப்படியே நிற்கும் என்பதற்காக. அந்த நாடாவின் அருமை கோயம்புத்தூர் போய்த்தான் தெரிந்தது.

ஏ.சி.யைக் கழற்ற வந்தவர் தனி ஆள். சுவரிலிருந்து பெயர்ப்பதற்கு முன் அதை ஓடவிட்டார். வெளியே இருக்கும் யூனிட்டில் ஒரு வால்வை மூடி, உள்ளே சுற்றும் வாயு முழுவதும் வெளி யூனிட்டுக்குள் இழுபட்டதும் மற்ற வால்வையும் மூடி, பிறகே நிறுத்திக் குழாய்களைக் கழற்றினார். இந்தப் பம்ப் டவுனைச் செய்யாமல் ஸ்பேனரைப் போடுகிறவர்களால் வாயு மொத்தமும் காற்றில் போய்விடும். புது வீட்டில் மறுபடி நிரப்பும் செலவு நம் தலையில் விழும். புது இடத்தில் செம்புக் குழாயின் நீளம் போதாவிட்டால் அடிக்கு இவ்வளவு என்று தனியாக வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். முன்கூட்டிச் சொன்னதால் அது எனக்குச் சுமையாகத் தெரியவில்லை.

முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷினைப் பார்த்ததும் மேஸ்திரி, “பின்னாடி மாட்டற போல்ட் இருக்கா அக்கா?” என்று கேட்டார். மெஷின் புதிதாக வரும்போது உள்ளே இருக்கும் உருளை ஆடாமலிருக்கப் பின்பக்கம் நீளமான போல்ட்டுகள் முடுக்கியிருக்கும். பொருத்துகிறவர் அவற்றைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். பல வீடுகளில் அவை குப்பைக்குப் போய்விடும். போல்ட் இல்லாமல் லாரியில் ஏற்றினால் உருளை வழியெல்லாம் ஆடி, தாங்கும் ஸ்பிரிங்குகள் போய்விடும். அப்பா எதையும் தூக்கிப் போடாத மனிதர். அவருடைய திருகாணி டப்பாவில், ‘வாஷிங் மெஷின்’ என்று அவர் கையெழுத்தில் எழுதிய காகிதத்தில் சுற்றி அவை பத்திரமாக இருந்தன. மேஸ்திரி அவற்றை முடுக்கும்போது அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

தேக்கு ஊஞ்சலைக் கழற்ற நெடுநேரம் ஆகவில்லை. பித்தளைச் சங்கிலிகளைக் கண்ணி கண்ணியாகத் துணியில் சுற்றி, பலகையைப் போர்வைக்குள் வைத்துக் கட்டினார்கள். ஆனால் கோயம்புத்தூரில் அதை மாட்டித் தர முடியாது என்று மேஸ்திரி உறுதியாகச் சொன்னார். கொக்கி போடாமல் வார்த்த தளத்தில் துளை போட்டு ஊஞ்சல் தொங்கவிடுவது கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டிய காரியம், ஆள் உட்காரும் இடம் என்றார். அந்தக் கட்டத்தில் ‘கழற்றுதல் மட்டும்’ என்று திருத்திப் பாதிப் பணத்தைக் குறைத்தார். செய்ய முடியாததைச் செய்கிறேன் என்று சொல்லாத ஒருவரிடம் மிச்ச வேலையை நம்பி விடலாம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கவலையாக இருந்தது வீணைதான்.

அம்மா வீணை ஆசிரியை. அவளுடையது தஞ்சாவூர் வீணை, ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்டம். தண்டியின் மேல் இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகும் கரியும் கலந்த படுகையில்தான் பதிந்திருக்கின்றன. அந்த மெழுகு வெயிலில் இளகும். ஆனி மாதம், நாற்பது டிகிரியைத் தாண்டிய சென்னை வெயில், தகரம் அடைத்த கன்டெய்னர். மெழுகு கொஞ்சம் இளகினால் போதும், மெட்டு நகர்ந்துவிடும். மெட்டு நகர்ந்தால் ஸ்வரம் நிற்காது. பிறகு கைதேர்ந்த ஆளை அழைத்து மேளம் கட்ட வேண்டும். தஞ்சாவூரில் என்றால் ஆள் உண்டு. ரயிலில் கூடவே எடுத்துப்போகலாமே என்று கேட்பார்கள். முன்பு ஒருமுறை ரயிலில் யாரோ இழுத்த டிரங்குப் பெட்டி இடித்துக் குடத்தில் விரிசல் விட்டிருந்தது. ஒட்டிச் சரிசெய்தும் அதன் நாதம் பழையபடி வரவில்லை என்பது அம்மாவின் எண்ணம். ரயில் என்ற பேச்சை அவள் எடுக்கவே விடவில்லை.

மரப்பெட்டி என்ற வரிக்கு எதிரே இருந்ததுதான் அந்தத் தாளில் எனக்கு மிக அவசியமான டிக். தச்சர் பெட்டியை அடித்துக்கொண்டு வரவில்லை, அளவெடுக்க வந்தார். அம்மா அவரை உட்காரவைத்து வீணையை மடியில் போட்டுக் காட்டினாள். சுரைக்காயைப் பிடித்துத் தூக்காதே, யாளியைப் பிடித்துத் தூக்காதே, தண்டிக்கும் குடத்துக்கும் கீழே கை கொடு. சுரைக்காய் திருகில் கழன்றுவரும், அதைத் தனியாகச் சுற்று. தந்தியை முழுக்கத் தளர்த்தாதே, குதிரை நகர்ந்துவிடும். கொஞ்சம் இறக்கினால் போதும். மாணவிக்குச் சொல்லித் தருகிற அதே குரலில் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் “சரிங்கம்மா” என்று சொல்லிப் பென்சிலால் பலகையில் குறித்துக்கொண்டார். மாலையில் வந்த பெட்டி ஒட்டுப்பலகையில் செய்தது. உள்ளே தண்டியின் வளைவுக்கும் குடத்தின் உருட்டுக்கும் ஏற்ப வெட்டிய ஃபோம் தாங்கிகள். குடம் அதில் உட்கார்ந்ததும் எந்தப் பக்கமும் அசையவில்லை. மேலே ‘வீணை, இப்பக்கம் மேலே’ என்று தமிழில் எழுதி அம்புக்குறி போட்டிருந்தார். அம்மா குனிந்து பெட்டியை உலுக்கிப் பார்த்தாள். “நல்லா செஞ்சிருக்கே தம்பி” என்றாள். அவள் அவ்வளவு எளிதில் பாராட்டுகிறவள் இல்லை.

வெயில் விஷயத்தை மேஸ்திரியிடம் பேசினோம். சாமானைப் பகலில் குட்டி யானையில் கொண்டுபோய் ஏற்றிவிட்டு, வீணையைக் கடைசியாக, சூரியன் இறங்கிய பிறகு, கதவோரமாக வைப்பதாகச் சொன்னார். லாரி இரவில் ஓடும். உளுந்தூர்ப்பேட்டை, சேலம் வழியாக விடியற்காலை கோயம்புத்தூர். போனதும் முதலில் இறங்குவதும் அதுதான். சொன்னபடியே செய்தார்.

வாங்க மறுத்த சாமான்களும் இருந்தன. கேஸ் சிலிண்டரை எந்த நிறுவனமும் ஏற்றாது. அதையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கினோம். நகை, பணம், பத்திரங்களையும் ஏற்றமாட்டார்கள். எண்ணெய், ஊறுகாய் போன்றவை ஒழுகி மற்றதைக் கெடுக்கும் என்பதால் வேண்டாம் என்றார்கள். அம்மாவின் மாவடு ஜாடியும் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியும் எங்களோடு வந்தன. செடிகளும் மூடிய லாரியில் பிழைக்காது. கறிவேப்பிலைக் கன்றை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, செம்பருத்தியில் சில குச்சிகளை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள்.

இன்ஷூரன்ஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் ஏமாறுவது அங்கேதான். தாளின் முதல் வரைவில் ‘ரிஸ்க் கவரேஜ்’ என்று எழுதி, சாமான் மதிப்பில் மூன்று சதவீதம் போட்டிருந்தார்கள். அது இன்ஷூரன்ஸ் இல்லை. உடைந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நிறுவனம் தானே தருகிற வாக்கு. இன்ஷூரன்ஸ் என்றால் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவுபெற்ற காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி வேண்டும். அதில் நம் சாமானும் மதிப்பும் வழித்தடமும் எழுதியிருக்க வேண்டும். அதைத்தான் கேட்டேன், நகல் கைக்கு வந்த பிறகே பணம் கட்டினேன். பாலிசியிலும் வகை உண்டு. ஒரு வகையில் தீ, லாரி மோதுவது, கவிழ்வது போன்ற பெரிய விபத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. எல்லா ஆபத்துக்கும் சேர்த்து எடுத்தால்தான் தட்டு உடைந்ததும் அதில் வரும். அப்போதும் நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் ‘பேக்கிங் சரியில்லை’ என்று தள்ளிவிடலாம். வெளியே ஓர் ஒடுக்கும் இல்லாமல் டி.வி. வேலை செய்யாமல் போனால் அதற்கும் பொதுவாகக் கிடையாது. அதனால் முழு பேக்கிங்கும் இன்ஷூரன்ஸும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றை எடுத்து மற்றதை விடுவதில் பயன் குறைவு.

பாலிசியே இல்லாவிட்டால் சட்டம் என்ன தரும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொண்டேன். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011-ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. கூடுதல் ஆபத்துக் கட்டணம் கட்டாத பட்சத்தில் சரக்கு ஏற்றுகிறவரின் பொறுப்பு, கட்டிய வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் வழக்குக்கும் போக முடியாது. இதையெல்லாம் யாரும் நம்மிடம் வாயால் சொல்வதில்லை.

லாரி ரசீதில் ‘பயன்படுத்திய வீட்டுச் சாமான், விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி, பட்டியலை இணைத்தார்கள். பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்கு இ-வே பில் தேவையில்லை என்றாலும் வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட அந்தக் காகிதம் வேண்டும். அம்மாவும் நானும் இரவு ரயிலில் கிளம்பினோம்.

வடவள்ளியில் முதலில் வீட்டுக்குள் போனது சாமி படமும் நிறைகுடமும் உப்பும் மஞ்சளும். பால் பொங்கிய பிறகு வீணை இறங்கியது. அம்மா பெட்டியைத் திறக்கச் சொல்லி, மெட்டுகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். தந்தியை ஏற்றி ஒருமுறை மீட்டிப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு” என்று மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

சிக்கல் வேறொரு பெட்டியில் வந்தது. பாட்டி வீட்டிலிருந்து வந்த தஞ்சாவூர்க் கிருஷ்ணர் படத்தின் கண்ணாடி குறுக்கே விரிந்திருந்தது. ஒட்டியிருந்த நாடா சில்லுகளைப் பிடித்து நிறுத்தியிருந்ததால் தங்கத்தாளிலும் கல்லிலும் ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடி மட்டும் போயிருந்தது. இறக்கிய ஒடிசா இளைஞர்களில் ஒருவர் முகம் வெளுத்து நின்றார். தனக்குத் தெரிந்த தமிழில், எழுத வேண்டாம் அம்மா, சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று கெஞ்சினார். அம்மா என்னைப் பார்த்தாள். சின்னக் கண்ணாடிதானே, நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட எனக்கும் வாய்வரை வந்தது. மேஸ்திரிதான் குறுக்கே வந்தார். “எழுதுங்க அக்கா. எழுதலைன்னாத்தான் நாளைக்குப் பேச்சு வரும். பாலிசி இருக்கு, கண்ணாடிக் காசு அங்கேருந்து வரும். பசங்க கூலியில கை வைக்கமாட்டாங்க. பாலிசி இல்லாத வீட்லதான் எங்களுக்குக் கஷ்டம்.” அந்த இளைஞருக்கு இந்தியில் விளக்கியும் சொன்னார்.

பாலிசிப் பணம் என் சாமானைக் காப்பதற்காக நான் கட்டியது. அது தூக்கிச் சுமக்கிறவரின் கூலியையும் காக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்காரர் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் உடைசலின் பாரம் யார் மேல் போய் இறங்குகிறது என்பதை இனி யார் என்னிடம் வீடு மாறுவது பற்றிக் கேட்டாலும் முதலில் சொல்லிவிடுகிறேன். ரசீதின் எங்கள் பிரதியிலும் அவர்கள் பிரதியிலும் சேதத்தை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, படம் எடுத்து அனுப்பினோம். சில வாரங்களில் கண்ணாடிக்கான தொகை வந்துவிட்டது.

பிரித்து எடுத்து வைத்தல் பிற்பகலில் நடந்தது. அந்தச் சேவையில் பெட்டியிலிருந்து எடுத்து மேசை மேலும் தரையிலும் வைப்பதுதான் அடக்கம். அலமாரியில் அடுக்குவது வராது. கட்டில் பூட்டி, மெத்தை விரித்து, பீரோவை அம்மா காட்டிய சுவரோரம் நிமிர்த்தினார்கள். ஃபிரிட்ஜை நிற்கவைத்துவிட்டு, இப்போதே போடாதீர்கள், சில மணி நேரம் ஆகட்டும் என்று சொல்லிப்போனார்கள். மெஷினின் போல்ட்டுகளைக் கழற்றி அப்பாவின் அதே காகிதத்தில் சுற்றி அம்மா கையில் கொடுத்தார்கள். காலி அட்டைகளையும் குமிழ்த்தாளையும் கட்டி எடுத்துக்கொண்டு, கூடத்தைப் பெருக்கிவிட்டுக் கிளம்பினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தபோது அம்மா தன் பையிலிருந்தும் எடுத்துத் தச்சருக்கென்று தனியாக மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பினாள்.

அன்று இரவு அவள் சமைக்கவில்லை. அன்னபூர்ணா ஓட்டலிலிருந்து வாங்கிவந்த இட்லியைச் சாப்பிட்டோம். எத்தனையோ ஊர்களில் லாரி இறங்கிய இரவுகளில் அடுப்பு மூட்டியவள், கையைக் கழுவிக்கொண்டு வந்து, தரையில் வரிசையாக வைத்திருந்த பாத்திரங்களைச் சுற்றிப் பார்த்தாள். நான் சம்படங்களை எடுத்து மேல்தட்டில் வைக்கப் போனேன்.

“அதை வை. அதுல நீ கை வைக்காதே” என்றாள். “எதை எங்க வைக்கணும்னு எனக்குத்தான் தெரியும். நாளைக்குக் காலைல நானே அடுக்கிக்கறேன்.”